அடுத்த ஆள் வரும்வரை

கிழக்கு வெளுக்கும் முன்பே பெரியக்கா வெந்நீர் வாளிகளைச் சுமக்கத் தொடங்கிவிட்டாள். கைப்பிடிக் கம்பி, உள்ளங்கையில் காய்த்துப்போன இடத்திலேயே போய் உட்கார்ந்து அறுத்தது. ஈரப் படுக்கை விரிப்புகளைச் சுருட்டி முற்றத்தில் எறிந்தாள். மூத்திர வாடையும் சோப்பு வாடையும் போதாதென்று அடுப்பில் கஞ்சி பொங்கிக் கருகியது. ஓடிப்போய் இறக்கி வைத்தால் இங்கே வாளி நிரம்பி வழிந்தது. ஒரு மனுஷிக்குக் கடவுள் இரண்டு கைதான் கொடுத்திருக்கிறான். இந்தக் கணக்கு நிர்வாகத்துக்கு மட்டும் ஏனோ பிடிபடவில்லை.

தையல்கடைக்கும் ரொட்டிக்கடைக்கும் நடுவே இருந்த சாதாரண வீடு அது. நான்கு பேர் அங்கே வாழ்ந்தார்கள். பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் குறை உள்ளவர்கள் என்று மருத்துவர்கள் எழுதுவார்கள். தெருக்காரர்களுக்கு அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள், அவ்வளவுதான். ஊருக்கு வெளியே மதிற்சுவர் போட்ட பெரிய கட்டடத்தில், வரிசைக் கட்டிலில் வளர்ந்தவர்கள். மனிதரை மனிதரோடு வாழவிட வேண்டும் என்று யாருக்கோ நல்ல புத்தி வந்த ஒரு காலத்தில், தெருத் தெருவாக வீடுபிடித்து அவர்களைக் குடிவைத்தார்கள். பெரியக்கா அந்தக் கட்டடத்திலும் வேலை பார்த்தவள். அவர்களோடு சேர்ந்து அவளும் வெளியே வந்தவள்.

நால்வரில் மூத்தவர் பால்காரர். பால் விற்கிற ஆளில்லை அவர், வாங்குகிற ஆள். காலையில் துணிப்பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வீட்டுக்குப் பால் வாங்கி வருவது அவர் வேலை. நரை விழுந்த பிறகு வாழ்க்கையில் கிடைத்த முதல் வேலை என்பதால், மழை வெயில் எதற்கும் விடுப்பு எடுத்ததில்லை. போகும் வழியில் தையல்காரரிடம் நின்று, "கட பூட்டியாச்சா?" என்று கேட்பார்.

"இப்பத்தானே திறக்கிறேன் பால்காரரே! அதுக்குள்ள பூட்டச் சொன்னா என் பொழப்பு என்னாகுறது?" என்பார் தையல்காரர். தினம் இதே கேள்வி, இதே பதில், இருவருக்கும் இதே சிரிப்பு.

அடுத்தவள் மகாராணி. கால் நடக்காது, கை சொன்னபடி கேட்காது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். ஒருத்தி "ஒண்ணு" என்பாள், மற்றவள் "ரெண்டு" என்பாள். மூன்றை மகாராணிதான் சொல்ல வேண்டும். அவள் சொல்லாமல் தூக்கக் கூடாது. பெரிய கட்டடத்தில் இருந்தவரை அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை, ஊமை என்றே நினைத்திருந்தார்கள். இந்த வீட்டுக்கு வந்து, தூக்குகிறவர்கள் தினமும் "ஒண்ணு, ரெண்டு" சொல்லிச் சிரித்துக்கொண்டு நின்ற ஒரு காலையில், "மூணு" என்றாள். அதிலிருந்து அது அவள் அதிகாரம். சில நாள் வேண்டுமென்றே காக்கவைப்பாள். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். மற்ற இருவர் ஒரே சாடையில் இருந்த அண்ணன் தம்பி, வெயில் முகத்தில் அடிக்கும்வரை எழ மாட்டார்கள்.

முன்பெல்லாம் எந்த நேரத்திலும் வீட்டில் இரண்டு பணியாளர் இருப்பார்கள். காலையில் பெரியக்காவோடு சின்னக்கா. வேலை மாட்டு வேலைதான், ஆனாலும் பேச்சும் சிரிப்புமாகப் போகும். ஒரு நாள், இந்த வீடுகளை நடத்தும் நிறுவனத்தின் நிர்வாகி வந்து, இனி நேரத்துக்கு ஓர் ஆள் போதும் என்றார். சின்னக்காவை மதியத்துக்கு மாற்றினார். சம்பளத்தையும் கிள்ளினார். தனியாள் எல்லாரையும் கவனிக்க முடியாது என்பதால் கதவை உள்ளிருந்து பூட்ட வேண்டும், சாவி பணியாளர் இடுப்பிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பாதுகாப்பாம். பால் வாசலுக்கே வந்துவிடும், பால்காரர் கடைக்குப் போக வேண்டாம்.

இதைப் பால்காரருக்கு யார் சொல்வது? பையோடு வந்து சாவிக்குக் கை நீட்டினார். பெரியக்கா அந்தக் கையைப் பிடித்து, அவர் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்து, "சாவியைத் தொடக்கூடாது" என்றாள். மறுநாளும் நீட்டினார், மறுநாளும் அதையே செய்தாள். மழைக்காலம் முழுக்க அந்தப் பாடம் நடந்தது. கடைசியில் சாவியைக் கண்டாலே இரண்டு கையையும் தானாகப் பின்னால் கட்டிக்கொண்டு, "தொடக்கூடாது" என்று சொல்லப் பழகிவிட்டார். நிர்வாகி பார்த்துவிட்டு, "அருமையாப் பழக்கியிருக்கியேம்மா" என்று பாராட்டினார். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பால்காரர் காலையில் பையோடு கதவுக்கு எதிரே நிற்பதை மட்டும் விடவில்லை. கதவைப் பார்த்தபடி நிற்பார். பிறகு பையை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

பழைய விதி ஒன்று எப்போதும் போல இருந்தது. அடுத்த ஆள் வராமல் யாரும் வீட்டைவிட்டுப் போகக்கூடாது. நியாயமான விதிதான், அவர்களைத் தனியே விட முடியுமா? ஆனால் ஆளைக் குறைத்த பிறகு அடுத்த ஆள் நேரத்துக்கு வருவது அபூர்வமாகிவிட்டது. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மாற்றாள் கிடையாது. காலையில் வந்தவள் பொழுது சாயும்வரை கிடப்பாள். கேட்டால், "அதுங்களை விட்டுட்டுப் போக உனக்கு மனசு வருமா?" என்பார் நிர்வாகி. அவளுக்கு மனசு வராது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த மனசை நம்பித்தான் அவர் கடையே நடந்தது.

அன்று காலையும் இரவுப் பணியாளர் கிளம்பிப் போனதும் பெரியக்கா கதவைப் பூட்டினாள். வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. மகாராணி முழுக்க நனைந்து கிடந்தாள், குளிரில் உதடு நடுங்கியது. தனியே தூக்குவது இப்போது பழக்கமாகியிருந்தது. ஒருத்தியே ஒன்றும் சொல்லி, இரண்டும் சொல்லி, அவள் மூன்றுக்காகக் காத்திருந்து தூக்குவாள். குளியலறைப் பலகையில் வைத்துக் குளிப்பாட்டி முடித்து, நாற்காலிக்கு மாற்ற அக்குளில் கை கொடுத்தாள்.

"ஒண்ணு... ரெண்டு..."

மகாராணி வாயைத் திறக்கவில்லை. ஜன்னலில் ஒரு குருவி. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெரியக்காவின் தோள் இற்றுப்போயிற்று, ஈரத்தில் கால் வழுக்கப் பார்த்தது. இன்னொரு ஆள் மறுபுறம் பிடித்திருந்தால் நின்றிருப்பாள். நிற்க முடியவில்லை. தூக்கிவிட்டாள்.

சொல்லாமல் தூக்கியதில் மகாராணியின் உடம்பு திடுக்கிட்டு வில்லாய் விறைத்தது. பெரியக்காவின் இடுப்பில் ஏதோ படக்கென்றது. இருவரும் தரையில் விழுந்தார்கள். மகாராணியின் தலை தரையில் மோதாமல் பெரியக்கா தன் கையைக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு இடுப்புக்குக் கீழே தன் உடம்பு என்ற நினைவே இல்லை, வலி மட்டும் இருந்தது.

சத்தம் கேட்டுப் பால்காரர் குளியலறை வாசலுக்கு வந்தார். வெளியே தையல்காரர் ஜன்னலருகே ஓடிவந்து, "என்னம்மா? கதவைத் திறங்க!" என்று கத்தினார். ஜன்னலுக்குக் கம்பி, கதவுக்குப் பூட்டு. சாவி இவள் இடுப்பில்.

பெரியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சாவியை உருவி, தரையில் தள்ளினாள். அது பால்காரரின் காலடியில் போய் நின்றது.

"பால்காரரே, எடுங்க. எடுத்துக் கதவைத் திறங்க."

அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "தொடக்கூடாது."

"இன்னைக்குத் தொடலாம். நான்தானே சொல்றேன்? எடுங்க, என் அண்ணன் இல்ல, எடுங்க."

"தொடக்கூடாது" என்றார் மறுபடியும். அவர் கண்ணில் நீர் வழிந்தது. அவள் வலியில் அழுவது அவருக்குப் புரிந்தது. கை மட்டும் முன்னால் வரவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கப் பெரியக்காவே கட்டிவைத்த கை அது. அதை அவிழ்க்கக் கூப்பாடு போட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். ஐயோ, அந்த மனுஷரை இப்படி ஆக்கிவிட்டேனே என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளக்கூட அவளால் கையை எடுக்க முடியவில்லை. கையில்தான் மகாராணியின் தலை இருந்ததே.

தையல்காரர் சுத்தியல் தேடி எடுத்து வந்து கதவின் கீல்களை உடைத்துத் திறப்பதற்குள் இருவரும் குளிரில் விறைத்துப் போயிருந்தார்கள்.

மகாராணிக்குத் தோளில் கன்றிப்போனதோடு போயிற்று. பெரியக்காவை இடுப்புப் பட்டை கட்டி உட்காரவைத்தார்கள். சின்னக்கா ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் நிர்வாகி. உள்ளே வந்ததும் வராததுமாக அவர் கேட்ட முதல் கேள்வி, "கதவை உடைச்சது யாரு?"

"உள்ள ரெண்டு பேர் விழுந்து கிடந்தாங்க ஐயா" என்றாள் சின்னக்கா.

"அது சரி. கதவை உடைச்சது யாரு?"

"நான்தான்" என்றார் தையல்காரர். "கதவு பெருசா மனுஷன் பெருசான்னு யோசிக்க நேரமில்லைங்க."

நிர்வாகி பெரியக்காவின் பக்கம் திரும்பினார். குரலில் தேன் சேர்த்துக்கொண்டார். "ஏம்மா தனியாத் தூக்கினே? ரெண்டு பேர் சேர்ந்துதான் தூக்கணும்னு பயிற்சியில சொல்லிக் கொடுத்தோமில்ல?"

"ரெண்டாவது ஆளை நீங்கதானே ஐயா எடுத்தீங்க?"

"மத்தியானம் ஆள் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாம்."

"ஈரத்துல கிடந்துக்கிட்டு அவங்க பொறுக்கணுமா? நீங்க பொறுப்பீங்களா?"

"கோபப்படாதே. மேலேர்ந்து நிதியைக் குறைச்சுட்டாங்க. நான் என்ன, என் வீட்டை வித்தா போட முடியும்? இதை வேலையா பாக்காதேம்மா. இது சேவை."

"வேலைன்னா கூலி கேப்போம், நேரம் கேப்போம். அதான் பேரை மாத்திட்டீங்களாக்கும்" என்றாள் சின்னக்கா.

நிதி குறைந்தது பொய்யில்லை. எங்கே வெட்டினார் என்பதுதான் விஷயம். அவருடைய வண்டி அப்படியே இருந்தது, அதற்கு ஓட்டுநரும் இருந்தார்.

சின்னக்காவை வெளியே அனுப்பிவிட்டு அவர் நாற்காலியை நெருக்கமாக இழுத்துப்போட்டுக்கொண்டார். "தெரு வீடுகளை எல்லாம் மூடிடலாம்னு இருக்கோம். எல்லாரையும் பெரிய கட்டடத்துக்கே கொண்டுபோயிடலாம். சுவர் இருக்கு, காவல் இருக்கு. குடும்பத்தாரைக் கூட்டிப் பேசப்போறோம். நீ எழுந்து, தெருவுல வச்சுப் பாத்துக்க முடியலேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். அங்க உனக்கு உக்காந்து பாக்குற வேலை. முதுகு வைத்தியம் எங்க பொறுப்பு."

"சொல்லலேன்னா?"

"தனியாத் தூக்கினது யாரு தப்புன்னு விசாரிக்க வேண்டிவரும்" என்றார், வருத்தப்படுகிறவர் போல.

பெரியக்காவின் வீட்டில் கணவன், "உக்காந்து பாக்குற வேலைதானே? ஒத்துக்கிட்டுப் போயேன். இடுப்பு போனா யாரு தருவா?" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. அந்த வீட்டில் உலை கொதிப்பது அவள் சம்பளத்தில்தான். பாயில் புரண்டுகூடப் படுக்க முடியாமல் மோட்டுவளையைப் பார்த்துக் கிடந்தாள். அந்தக் கட்டடம் கண்ணில் நின்றது. நீளக் கூடத்தில் வரிசையாக உட்காரவைத்துக் குழாயால் நீரடித்துக் குளிப்பாட்டுவார்கள். யாரும் ஒன்று சொல்வதில்லை, இரண்டு சொல்வதில்லை. அங்கே போனால் மகாராணி மறுபடியும் ஊமையாகிவிடுவாள். இது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சொன்னால் அவர்கள் கதி அது, சொல்லாவிட்டால் இவள் கதி இது. இங்கே போனால் கிணறு, அங்கே போனால் குழி.

கூட்டத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்க முடிந்தது. குடும்பத்தார் உட்கார்ந்திருந்தார்கள். பேருந்து ஓட்டுநரான மகாராணியின் அண்ணன் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்.

"தெருவுல வச்சுப் பாத்துக்க முடியலைங்க" என்றாள் பெரியக்கா. நிர்வாகி தலையாட்டினார். "ஒருத்தியால முடியலைங்க."

நிர்வாகியின் தலையாட்டல் நின்றது.

"நான்தான் தப்புப் பண்ணேன். அவங்க மூணு சொல்லுறதுக்கு முன்னாடி தூக்கிட்டேன். ரெண்டு பேர் இருந்தா காத்திருப்போம். தனியாளுக்குக் காத்திருக்கக் கையில தெம்பு இல்லைங்க. இன்னொரு தப்பும் பண்ணேன். ஒரு பெரிய மனுஷரோட கையை முதுகுக்குப் பின்னால கட்டிவச்சேன். கதவைப் பூட்டச் சொன்னாங்க, பூட்டினேன். பூட்டினப்ப அவங்கதான் உள்ள மாட்டிக்கிட்டாங்கன்னு நினைச்சேன். தரையில கிடந்தப்பத்தான் தெரிஞ்சுது, நானும்தான்." மூச்சு வாங்கினாள். "அந்தக் கட்டடத்துக்குப் போனா மகாராணி பேசமாட்டாங்க. அவ்வளவுதாங்க எனக்குச் சொல்லத் தெரியும்."

மகாராணியின் அண்ணன் எழுந்தார். "என் தங்கச்சி குரலை நான் கேட்டதே இந்தத் தெருவுலதான். திரும்ப அங்க கொண்டுபோகணும்னா என்னைத் தாண்டித்தான் கொண்டுபோகணும்."

"உணர்ச்சிவசப்பட்டு ஆகப்போறது ஒண்ணுமில்ல" என்றார் நிர்வாகி. "முடிவு பண்ணியாச்சு. திங்கக்கிழமை காலையில வண்டி வரும். பெரியக்கா, நீ இனிமே வரவேண்டாம்."

பெரியக்காவும் சின்னக்காவும் தையல்கடையில் துணிக் குவியலுக்கு நடுவே கூடினார்கள். மற்ற தெரு வீடுகளின் பணியாளர்களும் வந்திருந்தார்கள். எல்லா வீட்டிலும் இதே கதைதான், பூட்டுதான் வேறு வேறு.

"ஆலையில வேலை செய்யறவன் மெஷினை நிறுத்திட்டு வெளிய வந்துடுவான்" என்றாள் சின்னக்கா எரிச்சலோடு. "நாம எதை நிறுத்துறது? சோறூட்டுறதையா? நாம வெளிய வந்தா பட்டினி கிடக்குறது முதலாளியா, மகாராணியா? நம்மளால போகத்தான் முடியாதுன்னு அந்தாளுக்குத் தெரியும்."

தையல் இயந்திரத்தின் சக்கரத்தைத் தையல்காரர் சும்மா உருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்போ போகவேண்டாம்" என்றாள் பெரியக்கா.

"என்னக்கா சொல்றீங்க?"

"அடுத்த ஆள் வராம போகக்கூடாது. விதி யாரோடது? அவரோடது. ரெண்டு பேர் பாத்த வேலைக்கு அடுத்த ஆளுன்னா ரெண்டு பேர். அந்த ரெண்டு பேர் வர்ற வரைக்கும் வேலை முடிஞ்சவங்க யாரும் வீட்டுக்குப் போகவேண்டாம். வந்தவங்க எல்லாரும் உள்ளயே இருப்போம்."

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. பிறகு சின்னக்காதான் முதலில் சிரித்தாள். "அடி ஆத்தீ! வேலைக்கு வராம போராடினவங்களைப் பாத்திருக்கோம். வீட்டுக்குப் போகாம போராடறவங்க நாமளாத்தான் இருப்போம்!"

"புருஷனுக்கு யார் சோறு பொங்குவா?" என்றாள் ஒருத்தி.

"ஒரு வேளை பொங்கிப் பழகட்டுமே, கையா தேஞ்சிடும்?"

அந்த நாட்களில் பெரியக்கா இன்னொரு வேலையும் செய்தாள். வரவேண்டாம் என்று சொன்ன வீட்டுக்கு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, விருந்தாளியாகத் தினமும் போனாள். உடைந்த கீல்களை மாற்றிக் கதவு பழையபடி பூட்டும்படி ஆகியிருந்தது. பணியிலிருந்தவளிடம் சாவியை வாங்கிப் பால்காரர் முன்னால் வைத்து, "இது உங்க சாவி. நீங்க தொடலாம். வேற யாரும் தொடக்கூடாது" என்பாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். மறுநாளும் வைப்பாள். கட்டிய கை அவ்வளவு லேசில் அவிழவில்லை. கடைசியில் சாவியைக் கயிற்றில் கோத்து அவர் கழுத்தில் போட்டுவிட்டாள். அது தன் மார்பில் கிடப்பதை அவர் குனிந்து குனிந்து பார்த்தார். தொடவில்லை.

திங்கள் விடிந்தபோது வீடு கொள்ளவில்லை. வேலை முடிந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள், வேலையே இல்லாத பெரியக்கா, விடுப்புப் போட்ட மகாராணியின் அண்ணன், எல்லாரும் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். மற்ற வீடுகளிலும் இப்படியே என்று செய்தி வந்தது. கதவு விரியத் திறந்து கிடந்தது. தையல்காரர் உள்ளே நுழைந்தார்.

"கட பூட்டியாச்சா?" என்றார் பால்காரர்.

"ஆமா பால்காரரே. இன்னைக்குப் பூட்டியாச்சு."

பால்காரர் அசந்துபோனார். இத்தனை காலம் கேட்டதற்கு இன்றுதான் ஆமாம் என்ற பதில் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தூங்குமூஞ்சிகளான அண்ணன் தம்பிகூடச் சத்தத்தில் எழுந்துவிட்டார்கள்.

வண்டி வாசலில் வந்து நின்றது. நிர்வாகி இறங்கி உள்ளே வந்து, கூட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன இது? வேலை நேரம் யாருக்கோ அவங்க மட்டும் இருங்க. மத்தவங்க வெளிய போங்க."

"போறோம் ஐயா" என்றாள் சின்னக்கா. "அடுத்த ஆளு ரெண்டு பேர் வந்ததும் போறோம். அதுக்கு முன்னாடி போகக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க?"

"யாருக்கும் நாளைக்கு வேலை இருக்காது. தெரியுமில்ல?"

"இன்னைக்கு இருக்கில்ல? அதைப் பாக்குறோம்."

நிர்வாகி முகம் சிவக்க வாசல் பக்கம் திரும்பினார். "வண்டிக்காரரே, இவங்களை ஏத்துற வரைக்கும் வெளியாள் யாரும் உள்ள வரக்கூடாது. கதவைப் பூட்டு. சாவி எங்க?" கண் வீட்டைச் சுற்றிவந்து பால்காரரின் மார்பில் நின்றது. "இந்தா, கொடு அதை."

கை நீண்டது. பெரியக்கா எழ முயன்றாள், இடுப்பு விடவில்லை. பால்காரரின் இரண்டு கையும் வழக்கம்போலப் பின்னால் போயின. பாதி வழியில் நின்றன. அவர் நிர்வாகியின் விரல்களைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். ஒரு கை மெல்ல முன்னால் வந்து சாவியை இறுகப் பொத்திக்கொண்டது.

"தொடக்கூடாது" என்றார் நிர்வாகியிடம்.

யாரும் சிரிக்கவில்லை. பெரியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிர்வாகி கைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மேலிடத்தோடு பேசினார், யாரையோ அனுப்பச் சொன்னார். வண்டி கிளம்பவில்லை, இயந்திரம் உறுமிக்கொண்டே நின்றது. இனி யார் வருவார்கள், என்ன நடக்கும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆனால் வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. வேலை வேலைதான். சின்னக்கா ஒருபுறமும் வேறு வீட்டுக்காரி ஒருத்தி மறுபுறமும் மகாராணியின் அக்குளில் கை கொடுத்தார்கள். சுவரோரம் உட்கார்ந்தபடியே பெரியக்கா, "ஒண்ணு" என்றாள்.

"ரெண்டு" என்றது வீடு முழுவதும்.

மகாராணி அவசரப்படவில்லை. இத்தனை பேர் தன் வாயைப் பார்த்துக் காத்திருப்பதை ஒவ்வொரு முகமாக, நிதானமாகப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். வாசலில் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்த நிர்வாகியையும் பார்த்தாள். வெளியே வண்டிக்காரன் ஒலிப்பானை அழுத்தினான். யாரும் அசையவில்லை. தூக்குகிறவர்களின் கை நடுங்கவில்லை, இரண்டு பேர் அல்லவா.

"மூணு!" என்றாள் மகாராணி.

தூக்கினார்கள்.